ஒரே இருக்கை, பல விலை

பொருளுக்கு விலை ஒன்றுதான். யார் வாங்கினாலும் என்று வாங்கினாலும் அது மாறாது என்னும் நம்பிக்கையோடு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்த நம்பிக்கையை எங்களுக்கு ஊட்டிய இடங்களுள் இரயில் நிலையமும் ஒன்று. தடித்த அட்டையில் அச்சிட்ட சிறிய பயணச்சீட்டில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் கட்டணமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வாரம் முன்னதாக வாங்கியவரும், வண்டி கிளம்பும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து வாங்கியவரும் தொலைவுக்கு ஏற்ற ஒரே தொகையைத்தான் கொடுத்தார்கள். 1997இல் தட்கல் முறை வந்தபோது அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று கண்டோம். 2016 செப்டம்பரில் இராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், இருக்கைகள் பத்து விழுக்காடு நிரம்புந்தோறும் அடிப்படைக் கட்டணமும் பத்து விழுக்காடு ஏறும் முறை வந்தது. ஆயினும் நம் நாட்டின் சாதாரண வண்டிகளில் இன்றும் தொலைவே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவின் விரைவு இரயில்களில் நிலைமை வேறு. அங்கே அருகருகே அமர்ந்து ஒரே ஊருக்குச் செல்லும் இருவரில் ஒருவர் 20 யூரோவும் மற்றவர் 100 யூரோவுக்கு மேலும் கொடுத்திருக்கலாம். இருவருக்கும் ஒரே சன்னல், ஒரே வேகம், ஒரே தாமதம். கொடுத்த பணம் மட்டும் வேறு. இதில் நீதி எங்கே இருக்கிறது என்னும் வினா, யூபிலி ஆண்டாகிய 2025இன் கோடையில் என்னை விடாமல் தொடர்ந்தது. தென் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே, விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்கு மாற்றாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பணியாற்றினேன். தமிழகக் குருக்கள் பலர் ஆண்டுதோறும் ஆற்றிவரும் பணிதான் அது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னைத் தேடி வந்தவர்களில் அங்கு வாழும் ஈழத்தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கவலைகளுள், நான் சற்றும் எதிர்பாராத ஒன்று, பயணச்சீட்டின் விலை.

விலை பிறக்கும் விதம்

இந்தப் பல விலை முறை இரயிலில் பிறந்தது அன்று. வானத்திலிருந்து இறங்கி வந்தது. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், குறைந்த கட்டணத்தில் பறந்த போட்டி நிறுவனம் ஒன்றை எதிர்கொள்ள, ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் பகுதிகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியது. முன்னதாகத் திட்டமிடும் சுற்றுலாப் பயணிக்கு ஒரு விலை. நாளைக்கே போயாக வேண்டிய வணிகருக்கு வேறு விலை. குறைந்த விலைப் பகுதியில் எத்தனை இருக்கைகளை விடுவது, அதை எப்போது மூடுவது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்தது.

பிரெஞ்சு இரயில்வே அந்த நிறுவனத்தின் முன்பதிவு அமைப்பையே தழுவித் தன் அமைப்பை உருவாக்கி 1993இல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் சாக்ரட்டீஸ். வினாக்கள் எழுப்பியே உண்மையைத் தேடிய ஞானியின் பெயரைத் தாங்கிய அந்த அமைப்பு, தொடக்கத்தில் பயணிகளிடமிருந்து எழுந்த வினாக்களுக்கு விடை கூற இயலாமல் திணறியது. ஜெர்மன் இரயில்வே 2002 டிசம்பரில் இதே வழியில் இறங்கி, எந்த வண்டிக்கும் பாதிக் கட்டணம் என்னும் உரிமையைத் தந்த 'பான்கார்டு 50' அட்டையை நிறுத்தியது. மக்கள் கொதித்தெழுந்தனர். 2003 ஆகஸ்டில் அந்த அட்டை திரும்ப வந்தது. பல விலை முறை மட்டும் திரும்பிப் போகவில்லை.

இன்றைய நடைமுறை இதுதான். ஒவ்வொரு விரைவு வண்டியிலும் மலிவு விலைக்கென ஓர் ஒதுக்கீடு உண்டு. அது தீர்ந்ததும் அடுத்த படி. அதுவும் தீர்ந்ததும் அதற்கடுத்த படி. வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு மாலையும் கூட்டம் மிகுதி. ஆகவே அப்போது மலிவு இருக்கைகள் குறைவு. செவ்வாய்க்கிழமை நண்பகலில் வண்டி காலியாக ஓடும். ஆகவே மலிவு இருக்கைகள் மிகுதி. மலிவுச் சீட்டு குறிப்பிட்ட ஒரே வண்டிக்கு மட்டும் செல்லும். பெரும்பாலும் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற இயலாது. முழு விலைச் சீட்டு வைத்திருப்பவரோ அன்று எந்த வண்டியிலும் ஏறலாம். எனவே கூடுதல் பணத்துக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று கூறிவிட முடியாது. நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைக்கிறது. ஆனால் அந்த உரிமையை வேண்டி வாங்குபவர் சிலர். வேறு வழியின்றி வாங்குபவர் பலர்.

எங்கே பார்ப்பது?

விலை பலவானபோது அதைத் தேடித்தரும் இணையதளங்களும் பலவாயின. இவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரயில்வே நிறுவனங்களின் சொந்தத் தளங்கள். ஜெர்மனிக்கு டாய்ச்ச பான், பிரான்சுக்கு எஸ்.என்.சி.எஃப். கனெக்ட், இத்தாலிக்குத் திரெனித்தாலியா, ஆஸ்திரியாவுக்கு ஓ.பி.பி. இரண்டாவது, பல நாடுகளின் சீட்டுகளை ஒரே இடத்தில் விற்கும் இடைநிலைத் தளங்கள். இலண்டனிலிருந்து இயங்கும் டிரெயின்லைன், பெர்லினிலிருந்து இயங்கும் ஓமியோ போன்றவை. மூன்றாவது வகை, சீட்டு விற்காமல் வழி மட்டும் சொல்பவை.

இடைநிலைத் தளங்களில் பெரும்பாலும் இரயில்வேயின் அதே விலைதான் தெரியும். அதன்மேல் சேவைக் கட்டணம் ஒன்று சேரக்கூடும். அதைக் கண்டு அவை வீண் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இத்தாலியில் 2012 முதல் இத்தாலோ என்னும் தனியார் நிறுவனம் திரெனித்தாலியாவோடு போட்டியிட்டு விரைவு வண்டிகளை இயக்குகிறது. உரோமையிலிருந்து பிளாரன்சு செல்லும் இருவரின் வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது இடைநிலைத் தளமே. ஒரு கடைக்காரர் எதிர்க்கடையின் விலையைத் தம் பலகையில் எழுதுவதில்லை அல்லவா? ஆகவே இடைநிலைத் தளத்தில் பார்த்துத் தெளிந்து, பின் இரயில்வேயின் சொந்தத் தளத்தில் வாங்குவது பலர் கண்ட நல்வழி.

நாட்டெல்லையைக் கடக்கும் வண்டிகளில் இன்னொரு விந்தை உண்டு. ஒரே வண்டியை இரு நாட்டு இரயில்வேக்களும் விற்கும். இருவர் கையிலும் தனித்தனி ஒதுக்கீடு. ஒருவரிடம் மலிவுச் சீட்டு தீர்ந்த பின்பும் மற்றவரிடம் அது மீந்திருக்கலாம். எனவே மியூனிக்கிலிருந்து இத்தாலிக்கோ, பெர்லினிலிருந்து பிராகாவுக்கோ செல்பவர், புறப்படும் நாட்டின் தளத்தோடு அடுத்த நாட்டின் தளத்தையும் பார்ப்பது நலம்.

எல்லாவற்றிலும் முந்திக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. இத்தாலியின் வட்டார வண்டிகளுக்குக் கட்டணம் நிலையானது. உரோமையிலிருந்து அசிசிக்கு வட்டார வண்டியில் சென்றபோது, மூன்று மாதம் முன்பு வாங்கியிருந்தாலும் அன்று காலை வாங்கியிருந்தாலும் கட்டணம் ஒன்றே என்பதைக் கண்டு, ஏழைகளின் துணைவரான பிரான்சிசின் ஊருக்கு இது பொருத்தமே என்று எண்ணிக்கொண்டேன். ஜெர்மனியிலும் 2023 மே முதல் 'டாய்ச்லாந்து டிக்கெட்' என்னும் மாதச் சீட்டு உண்டு. முதலில் 49 யூரோ, 2025இல் 58, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுவதும் வட்டார இரயில், நகரப் பேருந்து, ட்ராம் அனைத்திலும் அது செல்லும். நீண்டதொலைவு விரைவு வண்டிகளில் மட்டும் செல்லாது.

மூன்றாம் வகைத் தளங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு, பிரித்தானிய இரயில்வேயில் பணியாற்றிய மார்க் ஸ்மித் என்பவர் 2001இல் தொடங்கிய 'அறுபத்தொன்றாம் இருக்கையின் மனிதர்' என்னும் தளம். எந்த வண்டிக்கு எங்கே சீட்டு வாங்கலாம், எது நேர்வழி, எது சுற்றுவழி என்று தாம் அறிந்ததையெல்லாம் எவரும் படிக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்.

அன்னையின் ஊருக்கு ஒரு பயணம்

ஜூலைத் தொடக்கத்தில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதிலேயே இடம்பெயர்ந்தவர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணியில் இருப்பவர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியின் வடமேற்கிலுள்ள கெவெலார் திருத்தலத்துக்கு ஆயிரக்கணக்கான தமிழர் திரள்கின்றனர். கத்தோலிக்கர் மட்டுமின்றி இந்துக்களும் துயருற்றோரின் ஆறுதலாம் அன்னையை நாடி வருகின்றனர். நாடிழந்த மக்களுக்கு அந்நிய மண்ணில் அது மடுவுக்கு ஒப்பான இடம்.

"போன வருசம் முதல்நாள் பின்னேரம்தான் டிக்கெட் எடுத்தது, சுவாமி. போய்வர இருநூறு யூரோவுக்கு மேல முடிஞ்சுது. இந்த வருசம் மாதாவிட்டப் போகேலாது போல கிடக்கு" என்றார்.

பங்கு அலுவலகக் கணிப்பொறியின்முன் இருவரும் அமர்ந்தோம். அவர் வழக்கமாகப் பயன்படுத்திய இடைநிலைத் தளத்தில் முதலில் பார்த்தோம். பின் இரயில்வேயின் சொந்தத் தளத்தில் பார்த்தோம். விலை ஒன்றே, சேவைக் கட்டணம் மட்டும் இல்லை. அடுத்து, வெள்ளி மாலைக்குப் பதில் வெள்ளி நண்பகல் என்று நேரத்தை மாற்றினோம். தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. டுசல்டோர்ஃப் வரை விரைவு வண்டி. அங்கிருந்து உறவினர் வாழும் கிரேஃபெல்டுக்கும், மறுநாள் கெவெலாருக்கும் வட்டார வண்டி. வேலைக்குச் செல்ல அவர் வைத்திருந்த மாதச் சீட்டே அதற்குப் போதும். போக 23 யூரோ, வர 28 யூரோ.

"அம்மா, மாதச் சீட்டிலேயே முழுத் தொலைவும் போகலாம்; விரைவு வண்டிச் செலவும் மிஞ்சும்" என்றேன். நான்கு இடங்களில் மாறி, ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் செல்லும் அந்த வழியைத் திரையில் பார்த்தவர், தம் முழங்காலைத் தடவிக்கொண்டு, "அது இளம் பிள்ளையளுக்குச் சரி, சுவாமி" என்றார். நியாயமான விடை. மிகக் குறைந்த விலையே எல்லாருக்கும் சிறந்த விலை அன்று. உடல் வருத்தமும் இழக்கும் நேரமும் திரையில் தெரியாத செலவுகள்.

கெவெலாரின் வரலாற்றிலும் விலை பற்றிய ஒரு செய்தி உண்டு. 1641ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், ஊர் ஊராகச் சென்று வணிகம் செய்த ஹென்றிக் புஸ்மன் என்பவர், தமக்கு ஒரு சிற்றாலயம் கட்டும்படி கூறும் குரலைக் கேட்டார். தம் எளிய வருவாயில் நாள்தோறும் சிறிது சேர்த்துவைத்தார். அவருடைய மனைவி ஒளி சூழ்ந்த ஆலயத்தில் ஓர் அன்னையின் படத்தைக் காட்சியில் கண்டார். படைவீரர் தம்மிடம் விற்க முனைந்தபோது, விலை கட்டுப்படியாகாமல் அவர் வாங்காமல் விட்ட சிறு அச்சுப்படமே அது என்கிறது மரபு. 1642 ஜூன் முதல் நாள் அப்படம் சிற்றாலயத்தில் நிறுவப்பட்டது. இன்றும் மக்கள் முழந்தாளிடுவது உள்ளங்கை அகலத் தாளின் முன்னால்தான்.

ஆகஸ்டில் கெவெலாரில் அந்த அம்மையாரைக் கண்டேன். திருப்பலி முடிந்து மக்கள் உணவுப் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்த வேளை. தம்மைச் சுற்றி அமர்ந்திருந்த பெண்களுக்கு, அடுத்த ஆண்டு சீட்டை எப்போது எடுக்க வேண்டும், எந்த நேரத்து வண்டியில் எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கூறியதைவிடத் தெளிவாகவே கூறினார்.

'எவ்வளவு எண்டாலும்'

அதே மாதத்தின் இறுதியில், ஓரிரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி ஒலித்தது. உணவகச் சமையலறையில் பணியாற்றும் ஒருவர் பேசினார். அவருடைய மனைவியின் அண்ணன் பாரிசில் திடீரென இறந்துவிட்டார். கணவன், மனைவி, இரு பிள்ளைகள். மறுநாள் காலையிலேயே சென்றாக வேண்டும். என்ன வழி என்று கேட்டார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிசுக்கு நேரடி விரைவு வண்டி உண்டு; மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அவர்கள் வீட்டுக்குச் சென்று நாங்கள் ஒவ்வொரு தளமாகப் பார்த்தோம். மூன்று வாரம் முன்பு 40 யூரோவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இருக்கை, அன்றிரவு ஒருவருக்கு 120 யூரோவுக்கு மேல். தளத்துக்குத் தளம் சிறிது வேறுபட்டதே அன்றிப் பெரிதாகக் குறையவில்லை. வேறொரு வழியும் தென்பட்டது. மாதச் சீட்டில் எல்லையூரான கேல் வரை வட்டார வண்டியில் செல்வது. 2017 முதல் ரைன் ஆற்றைக் கடந்து ஓடும் ட்ராமில் ஸ்ட்ராஸ்பூர்க் அடைவது. அங்கிருந்து பாரிசுக்கு விரைவு வண்டி. செலவு குறையும். ஆனால் சீட்டுகள் தனித்தனி. ஒரே சீட்டில் செல்பவர் இணைப்பு வண்டியைத் தவறவிட்டால், அவரை ஊர் சேர்ப்பதோ பணத்தைத் திருப்பித் தருவதோ இரயில்வேயின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறை அதைக் கூறுகிறது. ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு 50 விழுக்காடும் பொதுவாக ஈடாகக் கிடைக்கும். தனித்தனியாக வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு முழுமையாக இராது. முதல் வண்டி தாமதித்தால் பாரிசு வண்டியின் சீட்டு வெறும் தாள்.

நானும் கணவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவரை சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த மனைவி, "எவ்வளவு எண்டாலும் போவம், ஃபாதர்" என்றார். அத்தோடு கணக்கு முடிந்தது. நேரடி வண்டியில் சென்றார்கள்.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பல விலை முறை தேடுவது அந்தச் சொல்லைத்தான். எவ்வளவானாலும் கொடுப்பவர் யார் என்று கண்டறிவதே அதன் திறமை. ஊர் சுற்றப் போகிறவர் விலை ஏறினால் வேறு நாள் பார்ப்பார். வணிகரின் செலவை நிறுவனம் ஏற்கும். துக்கவீட்டுக்குச் செல்பவரால் நாளையும் மாற்ற இயலாது, செலவையும் வேறெவர்மீதும் சுமத்த இயலாது. கணிப்பொறிக்கு அவர் கண்ணீர் தெரியாது. கடைசி நேரத்தில் வந்தவர் என்பது மட்டுமே தெரியும்.

திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணி வேளையில் வந்தவரும் முழு நாள் கூலியைப் பெற்றார். அவருக்கும் அன்று மாலை உண்ண வேண்டியிருந்ததை வீட்டுத் தலைவர் அறிந்திருந்தார். இங்கே பதினோராம் மணி வேளையில் வருபவரே மிகுதியாகக் கொடுக்கிறார்.

அக்குவினாரின் தீர்ப்பு

குருமடத்தில் நாங்கள் படித்த இறையியல் தொகுப்பில், ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்னும் வினாவைப் புனித தோமா அக்குவினார் எழுப்புகிறார். வாங்குவதும் விற்பதும் இருவர் நன்மைக்கும் ஏற்பட்டவை. எனவே ஒருவருக்கு மட்டும் சுமையாகக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. நியாய விலை எடைக்கல் போலத் துல்லியமானதன்று, ஒருவகை மதிப்பீடே, சற்று ஏறினாலும் இறங்கினாலும் நீதி குலைந்துவிடாது என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையும் அவரிடம் உண்டு. ஆனால் ஓரிடத்தில் அவர் உறுதியாக நிற்கிறார். பொருளை இழப்பதால் விற்பவருக்குத் தனி இழப்பு இருந்தால், அதையும் விலையில் சேர்க்கலாம். அத்தகைய இழப்பு இல்லாதபோது, வாங்குபவருக்குத் தேவை மிகுதி என்பதற்காக விலையை உயர்த்தக் கூடாது. அந்தத் தேவை வாங்குபவருடைய நிலையிலிருந்து பிறந்தது; விற்பவருக்குச் சொந்தமானதன்று. தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் எப்படி விற்கலாம்?

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இந்த வினா, இன்றைய முன்பதிவுத் திரைக்கென்றே எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. அன்றிரவு அந்தக் குடும்பம் ஓர் இருக்கைக்கு 40 யூரோ கொடுத்தது என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 80 யூரோ எதற்கு? சீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு ஒரு பகுதி என்று கூறலாம். மீதி அவர்களுடைய துயரத்தின் விலை.

மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடத்தான் வேண்டும். காலி இருக்கையை 20 யூரோவுக்குக் கொடுப்பதால் மாணவர் ஊர் போய்வருகிறார். அம்மையார் கெவெலார் செல்கிறார். அனைவருக்கும் ஒரே விலை என்றால் அந்த 20 யூரோச் சீட்டு மறைந்துபோகலாம். வெறும் இருக்கையை நிரப்பும் மலிவு விலையில் அநீதி இல்லை. தவிர்க்க இயலாத தேவையைக் கண்டு உயரும் விலையில்தான் அநீதி நுழைகிறது. இரண்டையும் பிரிக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. வட அமெரிக்க விமான நிறுவனங்கள் சில, இறப்பின் காரணமாகப் பயணம் செய்வோருக்குத் தனிச் சலுகை வைத்துள்ளன. மனம் இருந்தால் கணிப்பொறிக்கும் இரக்கத்தைக் கற்பிக்கலாம்.

நீதிமன்றங்களும் இத்துறையில் வாய் திறந்துள்ளன. ஜெர்மனியில் மலிவுச் சீட்டை நிலைய முகப்பில் வாங்கினாலும் மின்னஞ்சல் முகவரியோ கைப்பேசி எண்ணோ தர வேண்டும் என்னும் விதி சிலகாலம் இருந்தது. இவை இல்லாத முதியவர் மலிவு விலையை இழந்தார். நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடர்ந்தது; 2025 ஜூலையில் பிராங்க்ஃபர்ட் மாநில உயர் நீதிமன்றம் அவ்வாறு கோருவது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. கருவி இல்லாதவரைக் கூடுதலாகக் கொடுக்க வைக்கக் கூடாது என்னும் எளிய நியாயம் வென்றது.

அறியாதவருக்குக் கற்பித்தல்

விலையை நிர்ணயிப்பவர் நாம் அல்லர். ஆயினும் நமக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. மறைக்கல்வியில் நாம் மனப்பாடம் செய்த ஆன்ம இரக்கச் செயல்கள் ஏழனுள், அறியாதவருக்குக் கற்பிப்பது ஒன்று. அதை நம்மில் பலர் வேதபாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொள்கிறோம். பல விலை நிலவும் உலகில் அறிவே பணம். எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்த நேரத்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தவர் குறைவாகக் கொடுக்கிறார். அறியாதவர் அவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். தெரிந்ததை அறையில் பூட்டி வைத்துக்கொள்பவர், பசித்தவர் முன் அப்பத்தை மறைப்பவருக்கு ஒப்பாவார்.

புனித அகுஸ்தினார், மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலில், நாடகக் கூத்தன் ஒருவனைப் பற்றி எழுதுகிறார். மக்கள் அனைவர் மனத்திலும் உள்ளதை வெளியிடுவேன் என்று அறிவித்த அவன், எல்லாரும் மலிவாக வாங்கி மிகுதியாக விற்கவே விரும்புகிறார்கள் என்றானாம்; அரங்கமே ஆரவாரித்தது. அகுஸ்தினார் அதை ஏற்கவில்லை. தாம் அறிந்த ஒருவர், கையெழுத்து நூலொன்றின் மதிப்பு அறியாமல் குறைந்த விலை கேட்டவருக்கு, அவர் கேட்காத நியாய விலையைத் தாமாகவே கொடுத்தார் என்று குறிப்பிடுகிறார். மலிவைத் தேடும் நமக்கும் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பல விலைப் பட்டியலைக் காட்டும் பெரிய நிறுவனத்திடம் மிகக் குறைந்த விலையைத் தேடிப் பெறுவதில் தவறில்லை. அவர்களே விரித்துவைத்த பந்தி அது. அதே கூர்மையை, பொருளின் விலை அறியாத எளியவரிடம் காட்டுவது வேறு.

நம் பங்குகளிலிருந்து உரோமைக்கும் லூர்துக்கும் செல்வோர் பெருகிவருகின்றனர். பிள்ளைகள் ஐரோப்பாவில் படிக்கும் வீடுகளும் குறைவல்ல. பயணம் உறுதியானால், தேதி தெரிந்த அன்றே பாருங்கள். ஒரு தளத்தோடு நில்லாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். முடிந்தவரை இரயில்வேயின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். சீட்டுகளைப் பிரித்து வாங்கும்முன் இணைப்பு தவறினால் என்ன ஆகும் என்று எண்ணுங்கள். நிலையான கட்டணமுள்ள வட்டார வண்டிக்கு அவசரப்பட வேண்டாம். பின்னர், கற்றதை அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள். எல்லாப் பயணத்தையும் முன்கூட்டித் திட்டமிட இயலாது. நம் யாருடைய வீட்டிலும் இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி ஒலிக்கலாம். அந்த நேரத்தில் அருகே வந்து அமர்ந்து, திரையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருப்பது பெரிய ஆறுதல். அந்த ஒருவராக இருக்க நமக்குப் பட்டம் வேண்டாம். அயலார் வீட்டுக் கதவைத் தட்டும் மனம் இருந்தால் போதும்.